வாவியின் வரி மீனும் விக்டோரியா ஏரியும்

மட்டக்களப்பு வாவியில் பிடிபடும் வரி விழுந்த தட்டை மீனும் உன்னிச்சைக் குளத்துத் திலாப்பியாவும் ஒரே இனமா? (கல்லடி)

ஒரே குடும்பம், ஆனால் தூரத்துச் சொந்தம். இரண்டும் சிக்லிட் மீன்கள். மூக்குத் துவாரத்தைப் பாருங்கள்: பெரும்பாலான மீன்களுக்குப் பக்கத்துக்கு இரண்டு, இவற்றுக்கு ஒன்றுதான். நீங்கள் சொல்லும் வரி மீன் எட்ரோப்ளஸ். கேரளத்தில் கரிமீன் என்று உயிரை விடுவார்களே, அதேதான். அது இந்த மண்ணுக்கே உரியது. திலாப்பியா ஆபிரிக்க மீன், 1952இல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். திலாப்பியாத் தாய் முட்டைகளை வாய்க்குள் வைத்துப் பொரிக்கும். கரிமீன் கல்லிலோ கட்டையிலோ ஒட்டிவிட்டு, தாயும் தகப்பனுமாகக் காவல் காக்கும்.

ஆபிரிக்க ஏரிகளில் நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள். நம் மண்ணுக்குரியவை மட்டும் ஏன் இரண்டே இரண்டு? (அக்கரைப்பற்று, உயர்தர மாணவி)

நல்ல கேள்வி. கறிக்கு வெட்டும்போது கரிமீனின் செவுளைத் தூக்கித் தொண்டைக்குள் விரல் வைத்துப் பாருங்கள். பல் நிறைந்த முக்கோண எலும்பு ஒன்று சொரசொரவென்று தட்டுப்படும். அது இரண்டாவது தாடை. அரைக்கும் வேலையை அது பார்த்துக்கொள்வதால், முன்வாய் எந்த வேலைக்கும் மாறலாம்: பாசி சுரண்ட, நத்தை பிடிக்க. தங்கனிக்கா ஏரியில் மற்ற மீன்களின் செதிலைப் பிடுங்கித் தின்னும் இனம் ஒன்று உண்டு. அதற்கு வாயே கோணல், சிலதுக்கு இடப்பக்கம், சிலதுக்கு வலப்பக்கம்!

சரி, அந்தத் தாடை நம் மீனுக்கும் இருக்கிறதே? வித்தியாசம் இடத்தில். ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரி வற்றிக் கிடந்து, சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் மறுபடி நிரம்பியது. போட்டிக்கு ஆளில்லாத பெரிய தண்ணீர். அந்தக் காலத்துக்குள் ஏறக்குறைய 500 இனங்கள் உருவாகின. கொங்கோ, நைல் பக்கத்து இரண்டு பழைய வம்சங்கள் முன்பே கலந்திருந்ததை 2017இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. வேறுபாடுகள் ஏற்கெனவே கையிருப்பில் இருந்ததால் புதிய மாற்றங்களுக்குக் காத்திருக்க வேண்டி வரவில்லை. அப்புறம், பெண் மீன்கள் நிறம் பார்த்தே துணை தேடின; அதனால் வெவ்வேறு நிறக் கூட்டங்கள் அதிகம் கலக்காமல் தனித்தனி இனங்களாகப் பிரிந்தன.

நமக்கோ அப்படிப் பெரிய இயற்கை ஏரி கிடையாது. உன்னிச்சையும் சேனாநாயக்க சமுத்திரமும் மனிதர் கட்டியவை. வாவியில் மாரிக்கு நன்னீர், முகத்துவாரம் திறந்தால் உப்பு, கூடவே கடல் மீன்களும். இப்படிப்பட்ட இடத்தில் எதையும் தாங்கும் மீன்தான் நிற்கும், ஒரே உணவை நம்பும் மீன் நிற்காது என்பது என் கணிப்பு. கரிமீனை விட்டால் நம் மண்ணுக்குரிய அந்த இரண்டாவது இனம் சின்னது, செம்மஞ்சள் நிறம். பெரிய கரிமீனின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தி எடுக்கும். சந்தர்ப்பம் கிடைத்தால் அதன் முட்டையையும் தின்னும். உறவென்றால் அப்படித்தான்.

கரிமீனின் கிட்டிய உறவு மடகஸ்காரில் என்கிறார்களே. கடலைக் கடந்தா வந்தது? (களுவாஞ்சிகுடி)

வழக்கு இன்னும் முடியவில்லை. மடகஸ்காரும் இந்தியாவும் சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தபோதே உறவும் பிரிந்தது என்பது ஒரு கட்சி. கிடைத்த மிகப் பழைய சிக்லிட் புதைபடிவங்களுக்கு வயது ஏறக்குறைய 4.6 கோடி ஆண்டுகள்தான், ஆகவே பின்னால் நீந்தி வந்திருக்க வேண்டும் என்பது மறு கட்சி. உப்புநீர் தாங்கும் மீன் என்பதால் இரண்டாவதையும் தள்ளிவிட முடியாது.

வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் பிளவர்ஹார்ன் எந்த நாட்டு மீன்? (காத்தான்குடி)

எந்த ஆற்றிலும் இயற்கையாகப் பிறந்ததல்ல. மத்திய அமெரிக்கச் சிக்லிட்களைக் கலந்து 1990களில் மலேசியாவில் உருவாக்கியது. அலுத்துப்போனால் குளத்தில் மட்டும் விடாதீர்கள். விக்டோரியா ஏரியில் 1950களில் நைல் பேர்ச் என்ற வேட்டை மீனை விட்டார்கள்; பின்னர் சுமார் 200 சிக்லிட் இனங்கள் காணாமல் போயின.