மாமா அடித்துவிட்ட வரிகள்

மகளை அடுத்து என்ன படிக்க வைப்பது என்று கேட்க, வத்தலக்குண்டிலிருந்து ஓர் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்திருந்தார். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்த பெண். துணைக்குப் பெண்ணின் தாய்மாமனும் வந்திருந்தார், சென்னையில் மென்பொருள் வேலை. வருகிற பிள்ளைகளிடம் தங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவரச் சொல்வது என் வழக்கம். இந்தப் பெண்ணின் தாளில் பாதி வரிகள் சிவப்பு மையில் அடிக்கப்பட்டு, மேலே வேறொரு கையெழுத்து ஏறியிருந்தது. "எனது பொழுதுபோக்கு நூல்கள் வாசிப்பது, இசை கேட்பது. எனது லட்சியம் கணினிப் பொறியாளராகி நாட்டுக்குச் சேவை செய்வது."

அம்மாவின் கவலை வேறு. "எதுலயும் பிடிப்பே இல்ல சார். எந்நேரமும் அடுப்படியில எதையாவது மோந்து பாத்துக்கிட்டே திரியிறா." வழக்கமாகச் சொல்கிற ஆறுதலைச் சொன்னேன். வயசு அப்படி, போகப் போகச் சரியாகிவிடும் என்று. சொல்லிக்கொண்டே சிவப்பு மைக்குக் கீழே இருந்ததைப் படித்தேன். ஆறுதலை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அடிக்கப்பட்ட வரிகள் இவை. ஊரில் எந்தக் கடையில் அரைத்த காபித்தூள் என்று பொட்டலத்தைப் பிரிக்காமலே சொல்லிவிடுவாள். புதுத் தூள் வந்தால் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவிப் பார்ப்பாள். காபி மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். டம்ளரைக் கறையாக்கியதற்காக இரண்டு தடவை திட்டு வாங்கியிருக்கிறாள். பழைய நோட்டில் வாசனைகளைத் தேதி போட்டு எழுதிவைக்கிறாள். 'மழைக்கு முந்தின நாள் சாக்கு', 'கருகின வெல்லம்', 'பூட்டிக் கிடந்த அலமாரி' என்றெல்லாம் பெயர். இனிப்பு பிடிக்காது, பச்சைப் புளியங்காய் பிடிக்கும். கடைசி வரி: "என் அம்மாச்சி பட்டிவீரன்பட்டி காபி கியூரிங்கில் கொட்டை பொறுக்கும் வேலை பார்த்தது." (கியூரிங் என்பது காய்ந்த காபிக் கொட்டையின் தோலை நீக்கித் தரம் பிரிக்கும் ஆலை.)

அந்தக் கடைசி வரியை மட்டும் மாமா இரண்டு கோடு போட்டு அடித்திருந்தார். "கூலி வேலை பார்த்ததை எல்லாம் எதுக்குச் சார் எழுதணும்?"

அம்மா, அன்றைக்கு உங்கள் தம்பியை வைத்துக்கொண்டு அரைகுறையாகத்தான் பேச முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தாளைப் பற்றி. வாசிப்பு, இசை என்று எழுதினால் எதிரே இருப்பவர் கேட்கும் அடுத்த கேள்வி, "கடைசியாக என்ன படித்தாய்?" என்பதுதான். உங்கள் மகளிடம் நானும் கேட்டேன். அவள் மாமா முகத்தைப் பார்த்தாள். சிக்கரியைப் பற்றிக் கேட்டதும் நிறுத்தாமல் பேசினாள், கையை வேறு ஆட்டிக்கொண்டு. பதினேழு வயதுப் பிள்ளையின் மார்க் ஷீட் அது எதை மனப்பாடம் செய்தது என்பதைக் காட்டும். யாரும் சொல்லாமலே எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்பது மார்க் ஷீட்டில் இருக்காது. விநோதமான பழக்கம் என்று நாம் வெட்கப்பட்டு மறைக்கிற இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். நான் அந்த ஒரு பக்கத்தைக் கேட்பதே இதற்காகத்தான்.

இப்போது இதற்கு நேர்மாறாக ஒரு கூத்தும் நடக்கிறது. நேர்காணலில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று பிள்ளைக்கு ஒரு விநோதப் பொழுதுபோக்கை வாங்கிக் கொடுக்கிறார்கள். முந்தின மாதம் ஆரம்பித்த தபால்தலை சேகரிப்பு இரண்டாம் கேள்வியில் கிழிந்துவிடும். உங்கள் வீட்டில் அந்தச் சிக்கலே இல்லை. இருப்பதை அடிக்காமல் விட்டாலே போதும்.

கணினிப் பொறியியல் பற்றியும் அதன் கலந்தாய்வு பற்றியும் நான் சொல்ல ஒன்றும் இல்லை. உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்வார்கள். எனக்குச் சண்டை அந்தப் படிப்போடு இல்லை. அதை நிர்வாக ஒதுக்கீட்டில் கடன் வாங்கி, கணக்கில் ஆர்வமே இல்லாத பெண்ணின் தலையில் கட்டுவதோடுதான். உங்கள் தம்பி போட்ட கணக்கில் நான்கு வருடத்துக்கு 14 லட்சம். அதில் 8 லட்சம் அவர் தருகிறார். மீதி 6 லட்சத்துக்கு நீங்கள் இரண்டு வட்டிக்குப் புரட்டுவதாகச் சொன்னீர்கள். மாதம் 12,000 ரூபாய் வட்டி. நான்கு வருடத்துக்கு வட்டி மட்டும் 5,76,000. அசல் அப்படியே நிற்கும். உங்கள் வீட்டுக்காரருக்கு மில்லில் என்ன சம்பளம் என்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தம்பி தருகிற 8 லட்சமும் சும்மா வருவதில்லை. நாளைக்கு அந்தப் பெண் எங்கே வேலைக்குப் போகிறாள், யாரைக் கட்டிக்கொள்கிறாள் என்பது வரைக்கும் அந்தப் பணம் பேசும்.

சரி, வேறு என்ன வழி? அவள் நோட்டிலேயே இருக்கிறது. காபியைச் சுவைத்துத் தரம் பிரிப்பது ஒரு தொழில். தமிழ்நாட்டுக்காரர்கள் காபியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், இப்படி ஒரு வேலை இருப்பது மட்டும் பலருக்குத் தெரியாது.

இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போகிறது; இத்தாலிக்காரர்கள் நம்மிடம் நிறைய வாங்குகிறார்கள். வாங்குகிறவர் மூட்டையைப் பார்த்து விலை பேசுவதில்லை. மாதிரி எடுத்து, இளவறுவலாக வறுத்து, சுவைத்துப் பார்த்துத்தான் விலை. அந்தச் சுவைப்புக்குக் கப்பிங் என்று பெயர். ஒரு மாதிரிக்கு ஐந்து கோப்பைகள். உலக அளவில் பின்பற்றும் ஒரு முறையில் 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் தூள், தண்ணீர் கிட்டத்தட்ட 93 டிகிரி. ஒவ்வொரு கோப்பைக்கும் கொட்டையைத் தனியாக எடைபோட்டுத் தனியாக அரைப்பார்கள். ஏன் தெரியுமா? ஒரே ஒரு கெட்ட கொட்டை இருந்தாலும் அது ஒரு கோப்பையில் மட்டும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கறுத்த கொட்டையையும் பூச்சி அரித்த கொட்டையையும் முறத்தில் பொறுக்கி எடுத்த அம்மாச்சி கண்ணால் செய்த வேலையும் இதுதான். பேத்தி மூக்காலும் நாக்காலும் செய்யப்போகிறாள். அந்த வரியைப் போய் உங்கள் தம்பி அடித்துவிட்டாரே!

தூளை முதலில் உலர்ந்தபடி மோந்து பார்ப்பார்கள். பிறகு வெந்நீர். நான்கு நிமிடம் போனதும் மேலே திரண்டிருக்கும் ஏட்டைக் கரண்டியின் முதுகால் விலக்கி, முகத்தைக் கோப்பைக்குள் விடாத குறையாகக் குனிந்து மோப்பார்கள். ஆறியதும் ஒரு கரண்டி எடுத்துச் சர்ரென்று சத்தம் வர உறிஞ்ச வேண்டும். நம் வீடுகளில் அடி விழும் சத்தம், அங்கே அப்படித்தான் குடிக்க வேண்டும். அப்போதுதான் வாய் முழுக்கத் தெறித்து மூக்குவரைக்கும் ஏறும். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. (எனக்கெல்லாம் ஒரு வாய்கூட இறங்காது.) மணம், புளிப்பு, கனம், விழுங்கிய பின் நிற்கும் சுவை என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டு நூற்றுக்குக் கூட்டுவார்கள். 80-ஐத் தொட்டால் அது சிறப்புத் தரக் காபி, விலையே வேறு. பூஞ்சை வாடை, மண் வாடை, புளித்த வாடை என்று குறைகளுக்கும் பெயர் உண்டு. உங்கள் மகளின் 'மழைக்கு முந்தின நாள் சாக்கு' எனக்கு அதில் ஒன்றாகத்தான் படுகிறது.

படிப்பு எங்கே? மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இயங்கும் காபி வாரியம், காபித் தர மேலாண்மையில் ஒரு வருட முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. ஒரு பகுதி சிக்கமகளூரு பக்கம் பாலேஹொன்னூரில், 1925-இல் தொடங்கிய காபி ஆராய்ச்சி நிலையத்தில். மற்றது பெங்களூரு தலைமையகத்தில். சேர்வதற்குப் பட்டப்படிப்பு வேண்டும். வேதியியல், தாவரவியல், உயிரித் தொழில்நுட்பம், உணவு அறிவியல், வேளாண்மை போன்றவற்றில் ஒன்று. தேர்வு முறையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்: மதிப்பெண், நேர்காணல், அதோடு சுவை-மண உணர்வைச் சோதிக்கும் ஒரு தேர்வு. மாமா அடித்துவிட்ட ஒவ்வொரு வரியும் அந்த நேர்காணலில் பேசும். இடங்கள் குறைவு, கட்டணமும் உண்டு. அந்தந்த ஆண்டு அறிவிப்பில் தொகையைப் பார்த்து, பெங்களூரில் தங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அதற்கு முன் மூன்று வருடப் பட்டம். நிலக்கோட்டையிலும் திண்டுக்கல்லிலும் அரசு மகளிர் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. வேதியியலோ தாவரவியலோ கிடைக்கும் இடத்தில் போடுங்கள். அரசுக் கல்லூரிக் கட்டணம் உங்கள் ஒரு மாத வட்டிக் கணக்குக்குள் அடங்கிவிடும். உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பியுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து படித்த சான்று கேட்பார்கள், பள்ளியில் இப்போதே வாங்கி வையுங்கள். தம்பிக்கு உண்மையிலேயே உதவ வேண்டும் என்றிருந்தால், நாலாவது வருடம் பெங்களூரு செலவில் கை கொடுக்கட்டும்.

இதற்குப் பிறகு வேலை ஏற்றுமதி நிறுவனங்களில், கியூரிங் ஆலைகளில், இன்ஸ்டன்ட் காபி தயாரிப்பவர்களிடம், வறுத்து விற்பவர்களிடம், பெரிய எஸ்டேட்டுகளில். சுனாலினி மேனன் காபி வாரியத்தில் தரக் கட்டுப்பாட்டில் நெடுநாள் இருந்துவிட்டு, பெங்களூரில் சொந்தச் சோதனைக்கூடம் தொடங்கி உலக அளவில் பெயர் எடுத்தார். எல்லோரும் அவராகிவிட மாட்டார்கள். ஆரம்பச் சம்பளம் உங்கள் தம்பியின் சம்பளத்தைப் பார்த்துச் சிரிக்கும்படி இருக்காது. அடிக்கடி சளி, சைனஸ் என்றால் இந்த வேலை கஷ்டம். ஆங்கிலம் வேண்டும், பாடம் ஆங்கிலத்தில்தான், வாங்குகிறவர் கடிதமும் ஆங்கிலத்தில்தான். மூன்று வருடத்தில் அதைத் தேற்றிவிடலாம், இப்போதே ஆரம்பித்தால்.

அவளுக்கு நிஜமாகவே மூக்கு இருக்கிறதா, அல்லது வெறும் ஆசையா? வீட்டிலேயே பார்த்துவிடலாம். மூன்று டம்ளரில் வெறும் காபி. இரண்டில் ஒரே தூள், ஒன்றில் வேறு தூள். பாக்கெட்டில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும்; சட்டப்படி காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அந்த அளவு கொஞ்சமே மாறுகிற இரண்டு தூளாக எடுங்கள். நிறம் தெரியாதபடி அவள் கண்ணைக் கட்டி, வேறான டம்ளரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு முறை செய்தால் குருட்டாம்போக்கிலேயே நாலு சரியாக வரும். எட்டு, ஒன்பது வந்தால் என்னிடம் திரும்பி வாருங்கள். நாலைந்தோடு நின்றால் அப்போதும் வாருங்கள். வேதியியலில் வேறு கதவுகள் இருக்கின்றன, அவற்றைப் பேசுவோம். அறுவடைக் காலத்தில் ஒரு நாள் தாண்டிக்குடிக்குக் கூட்டிப் போங்கள். அங்கே காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறினால் போதும். பழம் பறிப்பதும் கழுவிக் காயவைப்பதும் பார்த்த பிறகும் அவளுக்கு ஆசை இருக்கிறதா என்று கேளுங்கள். அவளிடம் கேளுங்கள், மாமாவிடம் இல்லை.

பாப்பா, இனி உனக்கு. அந்தத் தாளைத் திரும்ப எழுது. 'எனக்குக் காபி பிடிக்கும்' என்று ஆரம்பிக்காதே, அது எல்லோருக்கும் பிடிக்கும். "நான் கொட்டை பொறுக்குகிறவர் பேத்தி. தூளைத் தண்ணீரில் தூவிப் பார்த்து வீட்டில் திட்டு வாங்குகிறவள். ஒரு நோட்டு முழுக்க வாசனைகளை எழுதிவைத்திருக்கிறேன்" என்று ஆரம்பி. மூன்று விஷயம் போதும், ஒவ்வொன்றுக்கும் நீ செய்த ஒரு காரியம் இருக்கட்டும். புளியங்காயை விட்டுவிடாதே, புளிப்பில் நாக்குக் கூசாதவள் என்று கேட்கிறவருக்குத் தெரியட்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுது. முட்டை வாடை ஆகாது என்றாயே, அதையும் எழுது. நோட்டைத் தேதியோடு தொடர்ந்து வை, நேர்காணலுக்குக் கையில் எடுத்துப் போ. லட்சிய வரி எதுவும் வேண்டாம்.

அம்மா, கடைசியாகப் பண விஷயம். அந்தப் பொறியியல் கல்லூரியில் இடத்தைப் பிடித்துவைக்க 25,000 கட்டிவிட்டோம், போனால் போகட்டுமா என்று வாசலில் நின்று கேட்டீர்கள். போக வேண்டியதில்லை. வகுப்பு தொடங்கும் முன் விலகினால், நடைமுறைச் செலவாக 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், சான்றிதழ்களையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பொறியியல் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ போட்ட விதி. எழுத்தில் கேளுங்கள், ரசீதின் நகலை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். போனில் கேட்டால் "அடுத்த வாரம் வாங்க" என்றுதான் பதில் வரும். அரசுக் கல்லூரிக்கான இணைய விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள், தம்பி சம்மதிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.