சூரியன் உச்சிக்கு வரும் நாளில் பூமியை அளக்கலாமா? – வானியல் கேள்வி பதில்

ஏப்ரல் மாதம் சூரியன் எங்கள் தலைக்கு நேரே வரும் நாளை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிடலாம் என்று ரீச்சர் சொன்னா. யாழ்ப்பாணத்தில் என் மச்சாள் இருக்கிறா. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்ய ஏலுமா?
– உயர்தர மாணவி, ஆரையம்பதி

தாராளமாக ஏலும் மகள். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் கிரேக்க அறிஞர் எரதோஸ்தனிஸ் செய்த அதே அளவீடுதான் இது. மட்டக்களப்புப் பக்கம் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் 9 அல்லது 10ஆம் திகதி, பகல் 12.05 அளவில். தவறவிட்டால் செப்டெம்பர் 2 அல்லது 3ஆம் திகதி இன்னொரு வாய்ப்பு உண்டு.

பலரும் ஒரு தடியை நட்டு அதன் நிழலை அளக்கப் பார்ப்பார்கள். அதில் இரண்டு சிக்கல். தடி ஒரு பாகை சரிந்தாலே விடை பாதியளவு பிழைத்துவிடும், ஏனென்றால் நாம் தேடும் கோணமே, அதாவது இரண்டு ஊரிலும் சூரியன் நிற்கும் உயரத்தின் வித்தியாசமே, இரண்டு பாகை அளவில்தான். அடுத்தது, சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமான வட்டம். அதனால் இரண்டு மீற்றர் தடியின் நிழல் நுனி கிட்டத்தட்ட இரண்டு சென்ரிமீற்றருக்கு மங்கிக் கிடக்கும். எந்த இடத்தில் கோடு கீறுவது என்றே தெரியாது.

ஆகவே தடியை விட்டுவிடுங்கள். ஓர் அடி அகலமான தடித்த காட்போட் மட்டையின் நடுவில் 5 மில்லிமீற்றர் துளை போடுங்கள். தரையிலிருந்து சரியாக 2 மீற்றர் உயரத்தில், ஏணியிலிருந்து வெளியே நீண்டு நிற்கும்படி மட்டையைக் கிடையாகக் கட்டுங்கள். மேசன்மார் பிடிக்கும் குண்டுநூலைத் துளையின் மையத்திலிருந்து தொங்கவிட்டு, குண்டு காட்டும் இடத்தை நிலத்தில் ஒட்டிய வெள்ளைத் தாளில் குறியுங்கள். அதற்குப் பிறகு ஏணி சரிந்திருந்தாலும் கவலையில்லை, அசையாமல் இருந்தால் போதும். மட்டையின் நிழலுக்குள் இரண்டரை சென்ரிமீற்றர் அளவில் ஒரு வட்ட வெளிச்சம் விழும். அது சூரியனின் படம். துளை வழியாக மேலே மட்டும் பார்த்துவிடாதீர்கள்.

மச்சாளும் அதே நாளில் இதே அமைப்பைச் செய்ய வேண்டும். யாழ்ப்பாணத்தில் நண்பகல் சற்றுப் பிந்தி 12.11க்கு வரும். மணிக்கூட்டை நம்பி ஒரேயொரு குறி போட வேண்டாம். நான்கு நிமிடத்தில் சூரியன் ஒரு பாகை நகர்ந்துவிடும். 11.55 தொடக்கம் 12.25 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை வெளிச்ச வட்டத்தின் மையத்தைக் குறியுங்கள். குறிகள் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு நேர்கோட்டில் வரும். குண்டுநூல் புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்கு உள்ள ஆகக் குறுகிய தூரமே உங்களுக்கு வேண்டியது. யாழ்ப்பாணத்தில் அது வடக்குப் பக்கமாக 6.8 சென்ரிமீற்றர் அளவில் வரும். உங்கள் பக்கம் சைபருக்குக் கிட்ட வரும். ஆனாலும் சில மில்லிமீற்றர் மிஞ்சலாம். அந்த மிச்சம் வடக்கே விழுந்தால் மச்சாளின் அளவிலிருந்து கழியுங்கள், தெற்கே விழுந்தால் கூட்டுங்கள்.

இனித் தூரம். கணக்கு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பஸ் போகும் தூரம் உதவாது. காகம் பறக்கும் நேர்த்தூரமான சுமார் 283 கிலோமீற்றரும் உதவாது. அதைப் போட்டால் பூமி 52,000 கிலோமீற்றராக வீங்கிவிடும். இரண்டு ஊருக்கும் இடையிலான வடக்குத் தெற்கு இடைவெளி மட்டுமே வேண்டும். நில அளவைத் திணைக்கள வரைபடத்தில் அடிமட்டம் வைத்து அளந்தால் சுமார் 215 கிலோமீற்றர் வரும். போனில் அகலக்கோட்டைப் பார்த்துத் தூரத்தைக் கணக்கிடாதீர்கள். பூமியின் அளவு ஏற்கெனவே அந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது.

இப்போது 215ஐ மட்டையின் உயரமான 200 சென்ரிமீற்றரால் பெருக்கி, 6.8ஆல் வகுத்தால் பூமியின் ஆரை; அதை 6.283ஆல் (2π) பெருக்குங்கள். 39,700 கிலோமீற்றர் வரும். துருவங்கள் வழியே உண்மையான சுற்றளவு 40,008. இரண்டு மில்லிமீற்றர் பிழைத்தால் விடை ஆயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர் தள்ளிப்போகும். பிழையின் அளவையும் விடையோடு சேர்த்து எழுதுங்கள். அப்படி எழுதினால்தான் அது அளவீடு.

பால்வீதியைக் கண்ணால் பார்க்க முடியுமா? எந்த மாதம், எந்தத் திசை? அதில் நாங்கள் எங்கே இருக்கிறோம்?
– வாசகர், கொக்கட்டிச்சோலை

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிறீர்கள், நல்ல இடம். நகர வெளிச்சம் வாவிக்கு அப்பால் கிழக்கே நிற்க, உங்களுக்கு வேண்டிய தெற்கு வானம் இருட்டாகக் கிடைக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் காலமே காலம். மாரியில் முகில் விடாது. யூலை நடுப்பகுதியில் இரவு 10 மணிக்கும், ஓகஸ்ட் நடுப்பகுதியில் இரவு 8 மணிக்கும் பால்வீதியின் மையப்பகுதி நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து 53 பாகை உயரத்தில் நிற்கும். நிலா இருக்கக் கூடாது. மாமாங்கத் தீர்த்தம் நடக்கும் ஆடி அமாவாசை இரவைப் போல் பொருத்தமான இரவு வேறில்லை. திருவிழா வெளிச்சத்தை விட்டு வயல்வெளிப் பக்கம் போய்விடுங்கள்.

கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் எடுக்கும். இடையில் ஒரு தடவை போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரோச் தேவையென்றால் சிவப்பு செலோபேன் தாளை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றிக் கட்டுங்கள். வளைந்த வால் உள்ள விருச்சிகத்தைக் கண்டால், அந்த வாலுக்குக் கிழக்கே சற்று மேலே மெல்லிய புகைபோல் தடித்துக் கிடப்பதுதான் மையத் திசை. நடுவே கறுப்புப் பிளவு தெரியும். அங்கே நட்சத்திரம் இல்லை என்பதல்ல, விண்தூசு மறைக்கிறது.

நாம் இருக்கும் இடம் அந்த மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி, ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளியாண்டு அகலமான தட்டுக்குள். இதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. கோளக் கொத்துகள் எனப்படும் நட்சத்திரத் திரள்கள் வானமெங்கும் சமமாகப் பரவியில்லை, தனுசுப் பக்கமாகவே குவிந்திருக்கின்றன. 1918இல் வானியலாளர் ஹார்லோ ஷாப்லி அவற்றின் தூரங்களைக் கணித்து, குவியலின் நடுவே பால்வீதியின் மையம், சூரியன் ஓரத்தில் என்று காட்டினார். தூசு ஒளியை மங்கச் செய்வதை அப்போது கணக்கில் எடுக்காததும் ஒரு காரணமாக, அவர் சொன்ன தூரம் இன்றைய அளவின் இரு மடங்குக்கும் மேல். திசை மட்டும் பிசகவில்லை. அந்த மையத்தைச் சூரியன் ஒரு தடவை சுற்ற 22, 23 கோடி வருடம் ஆகும்.

பாசிக்குடாவில் நின்று துருவ நட்சத்திரத்தைத் தேடினேன். காணவில்லை. ஏன்?
– வாசகர், வாழைச்சேனை

நிமிர்ந்து தேடியிருப்பீர்கள். நாம் 8 பாகை அகலக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருப்பதால் அது அடிவானத்துக்கு மேல் 8 பாகை அளவிலேயே நிற்கும். நீட்டிய கையின் மூடிய பிடி ஏறத்தாழ 10 பாகை, அந்தப் பிடிக்குள் மறைந்துவிடும். கடற்புகார் அதை விழுங்கிவிடும். மழை பெய்து கழுவிய இரவில் பாருங்கள். அந்த நட்சத்திரம் பதிந்து கிடப்பதால் நமக்கு நட்டமில்லை. தென் சிலுவை மே நடுப்பகுதியில் இரவு 9 மணிக்குத் தெற்கே 22 பாகை உயரத்தில் நிற்கிறது. ஐரோப்பாவில் இருந்து பார்ப்பவர்களுக்கு அது எழுவதேயில்லை.

நாம் பார்க்கும் நட்சத்திரங்களில் பாதி இப்போது உயிரோடு இல்லை என்கிறார்களே?
– வாசகர், அக்கரைப்பற்று

தவறான செய்தி. வெறுங்கண்ணுக்குத் தெரிபவற்றில் அநேகமானவை சில ஆயிரம் ஒளியாண்டுக்குள். அவற்றின் ஆயுளோ பல லட்சம் தொடக்கம் பல நூறு கோடி வருடம். ஒளி வந்து சேரும் நேரம் அந்த ஆயுளில் ஒரு துளி. முடிவை நெருங்கிய திருவாதிரைகூட 500 தொடக்கம் 700 ஒளியாண்டு தூரத்தில்தான் உள்ளது. அது வெடிக்க இன்னும் ஒரு லட்சம் வருடம்வரை ஆகலாம். 2019 முடிவிலும் 2020 தொடக்கத்திலும் அது மங்கியது, அது கக்கிய தூசு முன்னால் வந்து மறைத்ததால்.

இந்தப் பிரபஞ்சத்தில் மனிதன் ஒரு தூசு. இதைப் படித்து என்ன பயன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைதீவு

ஐயா, அளவு சரி, முடிவோடு உடன்பட முடியவில்லை. கடற்கரையில் 14 சென்ரிமீற்றர் பந்தொன்றைச் சூரியனாக வையுங்கள். பூமி 1.3 மில்லிமீற்றர், ஒரு சிறு கடுகு. அதை 15 மீற்றர் தள்ளி வையுங்கள். நிலா அந்தக் கடுகிலிருந்து 4 சென்ரிமீற்றரில். மனிதர் நேரில் போனது அவ்வளவுதான். வியாழன் 78 மீற்றரில், நெப்டியூன் 450 மீற்றரில். ஆகக் கிட்டிய அடுத்த நட்சத்திரம் 4,000 கிலோமீற்றரில், அதாவது கட்டாரைத் தாண்டி ரியாத்தை எட்டும் முன்.

கடுகு சூரியனைச் சுற்றும்போது ஆறு மாதத்தில் 30 மீற்றர் இடம் மாறுகிறது. அந்த 30 மீற்றரை வைத்து, ரியாத் பக்கம் எரியும் விளக்கு எவ்வளவு விலகித் தெரிகிறது என்று அளக்க முடியுமா? 1838இல் ஜேர்மன் வானியலாளர் பெசெல் அன்னக்கூட்டத்திலுள்ள ஒரு நட்சத்திரத்துக்கு இதைச் செய்தார். தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் 1830களின் தொடக்கத்தில் எடுத்த அளவுகளைக் கொண்டு தோமஸ் ஹென்டர்சன் அல்பா சென்டோரிக்குச் செய்தார். அந்த அல்பா சென்டோரியை யூன் நடுப்பகுதியில் இரவு 9 மணிக்குக் காரைதீவுக் கடற்கரையில் நின்று தெற்கே காணலாம். கடுகை விட்டு அசையாமல் இவ்வளவையும் அறிந்த உயிரைத் தூசு என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவது நியாயமில்லை.

மகனுக்குத் தொலைநோக்கி வாங்க ஆசை. 525 மடங்கு பெருக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. வாங்கலாமா?
– தந்தை, காத்தான்குடி

வேண்டாம். வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீற்றரோ, அதன் இரு மடங்குதான் பயன்படும் உருப்பெருக்கத்தின் எல்லை. 70 மில்லிமீற்றர் என்றால் 140. அதற்கு மேல் போனால் படம் பெருக்கும், விவரம் பெருக்காது, மெலிந்த முக்காலியும் ஆடும். முதலில் 7×50 அல்லது 10×50 பைனாக்குலர் (7 அல்லது 10 மடங்கு பெருக்கும், 50 மில்லிமீற்றர் வில்லை) வாங்குங்கள். நிலாவின் குழிகளும், 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலாக்களும் தெரியும். முழங்கையைச் சுவரில் ஊன்றிப் பிடிக்கப் பழக்குங்கள். சனியின் வளையத்துக்கு மட்டும் தொலைநோக்கி வேண்டும்.

கடையில் தூரத்துக் கம்பம் ஒன்றைப் பாருங்கள். இரட்டையாகத் தெரிந்தாலோ, பார்க்கப் பார்க்கக் கண் வலித்தாலோ உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டையான அரியம் விலகியிருக்கிறது, வாங்காதீர்கள். தொலைநோக்கியோடு கண்வில்லையில் பூட்டும் சூரிய வடிகட்டி வந்தால் உடனே உடைத்து எறியுங்கள். குவிந்த வெப்பத்தில் அது வெடித்தால் பார்வை போய்விடும்.

நம்மூரில் கருவியைக் கெடுப்பது உப்பும் ஈரமும். வில்லையில் உப்புத்தூள் இருக்கும்போது சாரனால் துடைத்தால் கீறிவிடும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதிவிட்டுத்தான் துணி படவேண்டும். மாரியில் தோலுறையோடு அலுமாரியில் வைத்தால் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். உறையைக் கழற்றி, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மணிகள் நிறம் மாறினால் ஈரம் ஏறிவிட்டது, வறுத்து எடுத்து மறுபடி போடலாம்.