பையன் என்ன செய்தான்?

கேள்வி: 1976-ல் வந்த 'தி ஓமன்' படத்தை டிவியில் பார்த்தோம். ஐந்து வயதுப் பாலகனைச் சாத்தானின் பிள்ளை என்று காட்டுவது பாவமில்லையா? என் ஏழு வயது மகன் தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறான். இதையெல்லாம் எப்படி அனுமதிக்கிறார்கள்?
- வாசகர், ஈரோடு

பதில்: பாவம்தான். ஆனால் யார் செய்த பாவம்? அந்தப் பாலகன் டேமியன் தன் கையால் என்ன செய்கிறான் என்று கொஞ்சம் யோசியுங்கள். சர்ச் கண்ணில் பட்டதும் காருக்குள் அம்மாவைப் பிறாண்டுகிறான். மூன்று சக்கர சைக்கிளில் வந்து அவளை மாடியிலிருந்து இடித்துத் தள்ளுகிறான். அதற்கும் கதவைத் திறந்து விடுகிறவள் ஆயா. கிட்டத்தட்ட அவ்வளவுதான். பாதிரியார் மேல் கம்பி பாயும்போதும், போட்டோகிராபரின் தலையைக் கண்ணாடி சீவும்போதும் பையன் அந்தப் பக்கமே இல்லை. பிறந்தநாள் விருந்தில் அவனைப் பார்த்துக்கொள்ளும் பெண் தூக்கில் தொங்குகிறாள். இவன் தூரத்தில் நிற்கும் கறுப்பு நாய்க்கு டாட்டா காட்டுகிறான். நமக்குக் குலை நடுங்குகிறது. பாதி வேலையைச் செய்வது இசையமைப்பாளர் ஜெரி கோல்ட்ஸ்மித்தின் லத்தீன் கோரஸ். அவர் வாங்கிய ஒரே ஆஸ்கர் அதற்குத்தான்.

அசல் தப்பு ரோம் ஆஸ்பத்திரியிலேயே நடந்துவிட்டது. பிறந்த பிள்ளை செத்துவிட்டது, இந்த அநாதைக் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் ஒரு பாதிரியார். அப்பாவாக நடிக்கும் கிரிகரி பெக் வாங்கிக்கொள்கிறார், மனைவியிடம் மூச்சு விடவில்லை. பின்னால் அவள் 'இவன் என் பிள்ளையே இல்லை' என்று மனநல மருத்துவரிடம் புலம்புகிறாள். மருத்துவர் அதை மனப்பிரமை என்கிறார். அவள் சொல்வது சத்தியம் என்று தெரிந்த ஒரே ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் படத்திலேயே கொடூரமான இடம் இதுதான். கடைசியில் அழுகிற பிள்ளையைப் பலிபீடத்தில் கிடத்திக் கத்தியை ஓங்குகிறவரும் இதே கனவான். எந்த ஊர் போலீஸாக இருந்தாலும் சுட்டிருக்கும்.

இதே கதையை 1991-ல் தக்காளி சீனிவாசன் 'ஜென்ம நட்சத்திரம்' என்று தமிழில் எடுத்தார். அதைப் பார்த்துவிட்டு இங்கே யாரும் பிள்ளை பெறுவதை நிறுத்திவிடவில்லை.

அனுமதி பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் இதற்கு 'ஆர்' சான்றிதழ். பெரியவர் துணையில்லாமல் 17 வயதுக்குட்பட்டவர்களைத் தியேட்டருக்குள் விடமாட்டார்கள். உங்கள் வீட்டில் பெரியவர் துணை இருந்திருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளையை எழுப்பி உள்ளே அனுப்பாமல் கடைசி வரை உட்கார வைத்தது தணிக்கைக்குழு இல்லையே, ஐயா?