நாய், பூனைகளுக்குப் பல் எக்ஸ்ரே சென்சார் வாங்கப் போகிறேன். கம்பெனிகளை எப்படி நியாயமாக ஒப்பிடுவது?

மூன்று விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒருவர் 20 மைக்ரான் பிக்சல் என்கிறார், இன்னொருவர் 33 லைன் பேர் என்கிறார், எதை நம்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் செல்லப்பிராணிகளுக்குக் கிளினிக் வைத்திருப்பவன். வாய்க்குள் வைத்தால் எக்ஸ்ரே படத்தை நேராகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் இந்தச் சென்சாரை இதுவரை இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். முதல் முறை ஏமாந்தேன்.

அந்த முறை வந்த விற்பனையாளர் லேப்டாப்பைத் திறந்து ஒரு லாப்ரடாரின் மேல்தாடைப் படத்தைக் காட்டினார். ஒரு பல்லின் வேர் மூன்றும் பேனாவால் வரைந்த மாதிரி இருந்தன. அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன். மென்பொருளில் ஒரு கூர்மையாக்கும் ஃபில்டர் தானாகவே ஓடிக்கொண்டிருக்கிறது என்பது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அது விளிம்பு எங்கே இருந்தாலும் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோட்டைச் சேர்த்துவிடும். வேரைச் சுற்றிக் கறுப்புக் கோடு தடித்திருந்தால் நம் கண்ணுக்கு அது நோய். பல்லை எலும்போடு பிணைக்கும் தசைநாரின் இடைவெளி விரிந்திருக்கிறது என்று படிப்போம். அப்படி ஒரு ஸ்பிட்ஸுக்கு நல்ல பல்லைப் பிடுங்க, பல்லை நெம்பும் எலிவேட்டரைக் கையில் எடுத்துவிட்டேன். ஈறு இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று ஏதோ உறுத்தியது. ஃபில்டரை அணைத்துப் பார்த்தால் கோட்டைக் காணோம். அந்தப் பல் இன்னும் அதன் வாயில்தான் இருக்கிறது.

அதனால் முதல் விதி: கம்பெனி கொண்டுவரும் படத்தைப் பார்க்காதீர்கள். கருவியை விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

சரி, எண்களுக்கு வருவோம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 மைக்ரான் பிக்சல் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 50 பிக்சல். ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் சேர்ந்தது ஒரு லைன் பேர். அதற்குக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். ஆக ஒரு மில்லிமீட்டருக்கு 25 லைன் பேர். 15 மைக்ரான் என்றால் 33. உங்களிடம் இரண்டு பேரும் சொன்னது ஒரே வகைக் கணக்குதான். ஒருவர் வகுக்காமல் சொல்லியிருக்கிறார், இன்னொருவர் வகுத்துச் சொல்லியிருக்கிறார். இரண்டுமே காகிதத்தில் வரும் உச்சவரம்பு, பைக் விளம்பரத்தில் போடும் மைலேஜ் மாதிரி. எக்ஸ்ரே நேராகப் பிக்சலில் போய் விழுவதில்லை. நடுவில் ஒரு படலம் அதை ஒளியாக மாற்றுகிறது, அந்த ஒளி அங்கேயே கொஞ்சம் பரவிவிடுகிறது. சீசியம் அயோடைடு படலம் நுண்ணிய ஊசிகளாக வளர்ந்திருப்பதால் ஒளி அதிகம் சிதறாது; காடோலினியம் படலத்தில் அந்த வசதி இல்லை. பிக்சல் அளவைக் கேட்பதோடு நிற்காமல் இதையும் கேளுங்கள். மனிதப் பல் மருத்துவத்தில் ஆலன் ஃபார்மனும் டேக்கோ ஃபார்மனும் 2005இல் 18 வகைக் கருவிகளை வைத்து ஒப்பிட்டார்கள். கோடுகளின் தெளிவோடு நிறுத்தாமல், சாம்பல் நிற வேறுபாடு எவ்வளவு தெரிகிறது, கதிர் கூடினாலும் குறைந்தாலும் படம் எவ்வளவு தாங்குகிறது என்பதையும் அளந்தார்கள். நாமும் அந்த மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறோம். எல்லாச் சென்சாருக்கும் ஒரே எக்ஸ்போஷர், அதாவது கதிர் படும் நேரம், வைப்பதுதான் நியாயம் என்று நானும் நினைத்திருந்தேன். அது நியாயமில்லை. ஒவ்வொன்றின் உணர்திறனும் வேறு. 0.1 நொடியில் ஒன்று அழகாகத் தெரியும், இன்னொன்று புள்ளி புள்ளியாக வரும், மூன்றாவதில் எலும்பின் மெல்லிய ஓரம் கருகிக் காணாமல் போயிருக்கும். அதனால் ஒவ்வொரு சென்சாருக்கும் 0.04, 0.08, 0.16, 0.32 நொடி என்று இரட்டித்துக்கொண்டே போய் நான்கு படம் எடுங்கள். அதனதன் சிறந்த படத்தை எடுத்து ஒப்பிடுங்கள். நான்கில் எத்தனை உபயோகப்படும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் அவசரத்தில் கை தவறும்போது காப்பாற்றுவது அந்த எண்ணிக்கைதான்.

இரண்டாம் முறை நான் செய்தது இது. காய்ந்த நாய்த்தாடை ஒன்று, பூனைத்தாடை ஒன்று. சதைக்குப் பதிலாக மேலே ஒரு விரல்கடை மெழுகு. எக்ஸ்ரே குழாய் அசையாமல் இருக்க ஸ்டாண்டில் இறுக்கி, சென்சார் வைக்கும் இடத்தை மேஜையில் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டேன். தெரிந்த பல் டாக்டரிடம் வேர் சிகிச்சைக்கான 10, 15 எண் ஃபைல்களை (ஊசி மாதிரி மெல்லிய அரங்கள்) வாங்கித் தாடையோடு டேப் போட்டு ஒட்டினேன். 10ஆம் எண்ணின் முனை 0.1 மில்லிமீட்டர், 15இன் முனை 0.15. நுனி எங்கே முடிகிறது என்று படத்தில் விரல் வைத்துக் காட்ட முடிந்தால் அந்தச் சென்சார் பரவாயில்லை. ஃபில்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, படங்களுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைக்கும் வேலையை எங்கள் அட்டெண்டர் அண்ணனிடம் விட்டேன். எது எந்தக் கம்பெனி என்று எழுதிய சீட்டு அவர் சட்டைப் பையில். எல்லாப் படத்தையும் ஒரே மானிட்டரில்தான் பார்த்தேன். விலை தெரிந்தால் கண் தானாக விலை உயர்ந்த பக்கம் சாயும், எனக்கும் சாயும்.

அப்புறம், மனிதர்களுக்கான ஒப்பீட்டில் வராத விஷயங்கள். பெரும்பாலும் விற்கப்படுவது 2ஆம் அளவுச் சென்சார். அதில் படம் விழும் பரப்பு ஏறக்குறைய 26க்கு 36 மில்லிமீட்டர். பெரிய நாயின் கோரைப்பல் வேர் அதில் முழுசாக அடங்காது, இரண்டு படம் எடுத்தாக வேண்டும். சென்சாருக்குப் பதிலாக வாயில் வைக்கும் பாஸ்பர் பிளேட் என்ற தகட்டில் 57க்கு 76 மில்லிமீட்டர் அளவுகூட உண்டு, ஆனால் ஒவ்வொரு பிளேட்டையும் ஸ்கேனரில் விட்டு எடுக்க வேண்டும். மயக்கத்தில் படுத்திருக்கும் வயசான நாய்க்கு முழுவாய்ப் படம் எடுக்கும்போது ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

கேபிளையும் பாருங்கள். மயக்கம் லேசாகத் தெளிந்த நொடியில் நாய் வாயை மூடினால் போச்சு. கேபிள் மட்டும் தனியாக மாற்ற முடியுமா, ரிப்பேருக்குப் போனால் மாற்றுச் சென்சார் தருவார்களா, கடிபட்டது வாரண்டியில் வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நாயின் 42 பல், பூனையின் 30 பல் அட்டவணை மென்பொருளில் இருக்கிறதா, படத்தை டைகாம் என்ற மருத்துவப் படங்களுக்கான பொது வடிவில் வெளியே எடுக்க முடியுமா என்பது ஐந்து நிமிட வேலை, அங்கேயே பார்த்துவிடலாம்.

பூனைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 1998இல் வெளிவந்த வெர்ஸ்ட்ராட் குழுவின் ஆய்வில், வெளியே எந்தக் கோளாறும் தெரியாத பற்களை எக்ஸ்ரே எடுத்தபோது 27.8 சதவீத நாய்களிலும் 41.7 சதவீதப் பூனைகளிலும் சிகிச்சைக்குத் தேவையான விஷயம் கிடைத்தது. பூனைப் பல் கரைந்துபோகும் நோய் அடிக்கடி பிடிப்பது கீழ்த்தாடை மூன்றாம் முன்கடைவாய்ப் பல்லை, பல் அட்டவணை எண்ணில் சொன்னால் இடப்பக்கம் 307, வலப்பக்கம் 407. சென்சார் போக மறுக்கும் இடமும் அதுதான்; இரண்டு தாடையும் முன்னால் சேரும் எலும்பு இடிக்கும். அதனால் சென்சாரின் தடிமனையும் மூலை வளைவையும் ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். விலைப்பட்டியலில் அது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

எங்கள் சோதனையில் நான் முதல் மதிப்பெண் போட்டது 'பி'க்கு. 10ஆம் எண் ஃபைலின் நுனி அதில் மட்டும்தான் சந்தேகமில்லாமல் தெரிந்தது. வாங்கியது 'சி'யை. மறுநாள் மயக்கத்தில் இருந்த ஒரு நாட்டுப்பூனையின் 407க்கு 'பி'யை எத்தனை விதமாகச் சாய்த்தும் உள்ளே நுழைக்க முடியவில்லை.