ஹேக் வரும் நாளும் ஏறி இறங்கும் விலையும்

கே: பழைய பிஎஸ் வீட்டா (சோனியின் கையடக்க கேம் மெஷின்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஃபர்ம்வேர், அதாவது உள்ளே ஓடும் சாஃப்ட்வேர், 3.60 என்று சொல்லி 3,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

ப: வேண்டாம். 2016 ஜூலையில் ஹென்காகு என்ற ஹேக் (கம்பெனி போட்ட பூட்டைத் திறந்து நம் இஷ்டப்படி புரோகிராம் ஓட்டும் வழி) வந்தபோது, அது ஓடும் 3.60-க்கு மவுசு இருந்தது. சோனி அடுத்த மாதமே 3.61 விட்டு, அந்த ஹேக் நுழைந்த ஓட்டையை அடைத்தது. 2018-இல் எச்-என்கோர் என்ற ஹேக் 3.68 வரை திறந்துவிட்டது, அப்புறம் வந்தவை அதையும் தாண்டிவிட்டன. விற்பவர் சொல்லும் எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். 1.50 என்று சொல்லி எனக்கு விற்ற பிஎஸ்பியின் (வீட்டாவுக்கு முந்தைய மெஷின்) சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 2.80 என்று இருந்தது. கடைக்காரர் மாற்றித் தரவே இல்லை. திரையும் பேட்டரியும் நன்றாக இருந்தால் அதற்கு மட்டும் விலை கொடுங்கள்.

கே: நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கேம் மெஷின் வாங்கி, ஹேக் வரும்வரை அப்டேட் பண்ணாமல் பெட்டியிலேயே வைத்திருக்கட்டுமா?

ப: ஆடுவதற்கு வாங்குங்கள், இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

கே: நிண்டெண்டோவின் பழைய கையடக்க மெஷின் 3டிஎஸ்ஸை ஹேக் பண்ண 'கியூபிக் நிஞ்சா' கேம் கட்டாயம் தேவை என்று 4,500 ரூபாய்க்கு என் தலையில் கட்டிவிட்டார்கள். தேவையே இல்லையாமே?

ப: இல்லைதான். உங்களுக்கு விற்றவருக்கு அது தெரிந்தே இருக்கும். இந்த விஷயத்தில் எனக்குப் பல வருஷக் கோபம். அந்த கேமில் கியூஆர் கோடு மூலம் லெவல்களைப் பகிரலாம், அதில்தான் ஓட்டை. 2014 நவம்பரில் அதன் வழியாக நிஞ்ஹாக்ஸ் என்ற ஹேக் வந்தபோது கேமின் பெயரை முதலில் அறிவித்தார்கள், ஹேக் ஃபைல் சில நாள் கழித்துத்தான் வந்தது. அதற்குள் சில டாலருக்கு விற்ற கேம் கார்டு 40 டாலரைத் தாண்டிவிட்டது. ஜப்பான் ஈஷாப் என்ற தன் ஆன்லைன் கடையிலிருந்து நிண்டெண்டோ அந்த கேமையே தூக்கிவிட்டது. டவுன்லோட் கேம் என்றால் இன்னும் மோசம்: 2012-இல் வீட்டாவில் ஓட்டை உள்ள கேமின் பெயர் வெளியானதும் சோனி அதைக் கடையிலிருந்து எடுத்துவிடும், அந்த நேரத்தில் விழித்திருந்தவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டிய கேமை நம்பியிருக்கும் ஓட்டை என்றால், காசில்லாத வழி கிடைக்கும்வரை வெளியிடாமல் பொறுக்கலாம் என்பது என் கட்சி. அதற்குள் கம்பெனி அடைத்துவிடுமே என்பார்கள். அடைக்கட்டும். சில வருஷத்தில் 3டிஎஸ்ஸின் சவுண்ட் ஆப்பில் ஒரு பாட்டு ஃபைலைத் திறந்தாலே போதும் என்று ஆகத்தானே செய்தது?

கே: பழைய ஸ்விட்ச் வாங்கினேன். ஆன்லைன் போனால் இந்தக் கருவிக்குத் தடை என்கிறது. விற்றவர் போனை எடுப்பதில்லை.

ப: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. முன்பு வைத்திருந்தவர் ஹேக் பண்ணி ஆன்லைன் போயிருப்பார். தடை அந்த மெஷினுக்கு விழுந்தது, ரீசெட் பண்ணினாலும் போகாது. கடை என்றால் பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், தடைச் செய்தியின் படம் மூன்றையும் இணைத்து எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். தனி ஆள் என்றால், மறைத்து விற்றார் என்று போலீஸில் புகார் கொடுங்கள்.

கே: ஹேக் பண்ணிய ஸ்விட்சில் ஆன்லைன் போய் தடை வாங்கிவிட்டேன். சத்தமில்லாமல் விற்றுவிடலாமா?

ப: மேலே இருக்கும் கடிதத்தைப் படியுங்கள். விளம்பரத்தின் முதல் வரியிலேயே தடையைச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்கலாம்.