வெயிட்டான ஆளுக்கு எந்த ப்ளே கனோ?

கேள்வி: நான் 110 கிலோ இருக்கேன் சார், ஒயிட் வாட்டர்ல (நுரைச்சு வேகமா ஓடுற ஆத்துத் தண்ணில) விளையாட ஓப்பன் ப்ளே கனோ (மேல மூடாத, அலையில சுழற்றி விளையாடுற துடுப்புப் படகு) வாங்கணும், சின்னதுதான் நல்லா சுழலும்னு சொல்றாங்களே, எனக்கு ஒத்து வருமா?

பதில்: சுழலும்தான், ஆனா முதல்ல உங்களைத் தாங்கணுமே! கம்பெனி சொல்ற வெயிட் ரேஞ்சோட உங்க எடையை மட்டும் ஒப்பிடாம லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், வெட்சூட் (குளிர் தாங்குற ரப்பர் உடை) எல்லாம் சேர்த்துப் பாருங்க, மேல் எல்லையை ஒட்டி வந்தா அந்த படகு வேண்டாம். ஏன்னா படகு ரொம்ப அமுங்கிட்டா விளிம்பு தண்ணிகிட்ட வந்துடும், ஒவ்வொரு அலையிலயும் உள்ள தண்ணி ஏறும், அப்புறம் திருப்பவே முடியாது. வாங்குறதுக்கு முன்னாடி அமைதியான தண்ணில முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு பக்கமா சாய்ச்சுப் பாருங்க. சேடில் (முட்டி போட்டு உட்கார்ற இருக்கை) உயரம் ரொம்ப முக்கியம், பாதம் அடியில மாட்டிக்கிட்டா கவிழ்ந்ததும் சட்டுனு வெளிய வர முடியாது, இதுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. ஏர்பேக் (படகுக்குள்ள தண்ணி நிறையாம இடத்தை அடைக்கிற காத்துப் பை) ரெண்டு முனையிலயும் கட்டாயம்.