ராஃப்ட் சர்வீஸ் பாக்கி வரவில்லை, அதே கப்பல் மறுபடி வருகிறது: நிறுத்த முடியுமா?

கேள்வி: தூத்துக்குடியில் கப்பல்களுக்குப் பாதுகாப்புச் சாதனங்கள் சப்ளை செய்து சர்வீஸும் பார்க்கிறேன். லைஃப் ராஃப்ட் (கப்பல் மூழ்கினால் ஏறித் தப்பிக்க உதவும், ஊதி விரியும் மிதவை) சர்வீஸுக்கு அங்கீகாரம் பெற்ற ஸ்டேஷன் எங்களுடையது. 14 மாதங்களுக்கு முன் நிலக்கரியோடு வந்த வெளிநாட்டுக் கொடி கப்பல் ஒன்றுக்கு நான்கு ராஃப்டுகளைப் பட்டறைக்குக் கொண்டுவந்து சர்வீஸ் செய்தோம். ஹைட்ரோஸ்டேட்டிக் ரிலீஸ் (கப்பல் மூழ்கும்போது ராஃப்டைத் தானாக விடுவிக்கும் கருவி), ராக்கெட் ஃப்ளேர் (ஆபத்தில் வானில் விடும் ஒளிச் சமிக்ஞை) எல்லாம் புதிதாகக் கொடுத்தோம், தீயணைப்பான்களையும் சோதித்துக் கொடுத்தோம். பில் 11.6 லட்சம். ஏஜென்ட் 3 லட்சம் மட்டும் போட்டார். மீதிக்கு முதலில் "பிரின்சிபல் (எங்களை நியமித்த தரப்பு) இன்னும் அனுப்பவில்லை" என்றார், இப்போது "அது சார்ட்டரர் (கப்பலை வாடகைக்கு எடுத்தவர்) கொடுக்க வேண்டியது" என்கிறார். அதே கப்பல் பெயர் மாறி, 10 நாளில் மறுபடி இங்கே வருகிறது. "நேரம் இல்லை, ராஃப்டை இறக்கவே வேண்டாம், புது சர்டிபிகேட் மட்டும் கொடுங்கள், பழைய பாக்கியையும் சேர்த்துத் தந்துவிடுகிறோம்" என்று ஏஜென்ட் கேட்கிறார். கப்பலை நிறுத்த முடியுமா? எம்.எம்.டி.க்கு (கப்பல் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அலுவலகம்) எழுதிப் பழைய சர்டிபிகேட்டை ரத்து செய்யலாமா? ஏஜென்ட் சொல்வதை ஏற்கலாமா?

பதில்: அண்ணாச்சி, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் பத்து நாள் இருக்கிறது, இதற்கு நாளைக்கே போன் வந்துவிடும். ஏற்கக் கூடாது. 8.6 லட்சம் முழுதும் முன்பணமாகக் கையில் வந்தாலும் கூடாது.

ராஃப்டைத் திறக்காமல் கொடுக்கும் சர்டிபிகேட் பொய்ச் சான்று. பாரதிய நியாய சன்ஹிதாவில் 234-வது பிரிவு, சட்டப்படி தேவைப்படும் சான்றிதழைப் பொய் என்று தெரிந்தே கையெழுத்திட்டுக் கொடுப்பதை, பொய்ச் சாட்சி சொன்னதற்குச் சமமான குற்றமாக வைத்திருக்கிறது. ஸ்டேஷன் அங்கீகாரம் போவது தனி. அப்புறம், அந்த ராஃப்ட் ஒருநாள் நிஜமாகவே தண்ணீரில் விழுந்து ஊதாமல் போய் ஆள் இறந்தால், அலட்சியத்தால் மரணம் விளைவித்த வழக்கில் முதலில் தேடப்படும் பெயர் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட உங்கள் டெக்னீஷியனுடையது, அடுத்தது உங்களுடையது. வேறொரு வழக்குக்காக ஒருமுறை ஒரு பட்டறையில் நின்று, மூன்று ஆண்டு திறக்காத ராஃப்ட் ஒன்றைப் பிரித்ததைப் பார்த்தேன். வெளியே கண்டெய்னர் பளபளவென்று இருந்தது, உள்ளே மடிப்பு மடிப்பாகப் பசை விட்டுப் போயிருந்தது. வெளியில் நின்று பார்த்து இதை யாராலும் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து ஊதிப் பார்க்க வேண்டும் என்ற விதியே இருக்கிறது. இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பாக்கி அழுத்தும்போது தெரிந்தவர்களும் தடுமாறுகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஏஜென்ட் கேட்டது வாட்ஸ்அப்பில் என்றால் அழிக்காமல் வையுங்கள். போனில் கேட்டார் என்றால், "ராஃப்டை ஸ்டேஷனுக்குக் கொண்டுவராமல் சான்றிதழ் தர இயலாது" என்று ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அதில் பழைய பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சரி, பழைய சர்டிபிகேட்டை ரத்து செய்வது. ரத்து செய்ய அங்கே என்ன இருக்கிறது? சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் மூன்றாம் அத்தியாயத்தின்படி ஊதும் ராஃப்டுக்கு சர்வீஸ் இடைவெளி 12 மாதம், நடைமுறையில் முடியாத நிலை என்றால் மட்டும் 17 மாதம் வரை நீட்டிக்கலாம். உங்கள் சான்று கொடுத்து 14 மாதம் ஆகிவிட்டது. அதனால்தான் ஏஜென்டுக்கு இவ்வளவு அவசரம், முறையான நீட்டிப்பு எதுவும் கையில் இல்லை என்றே தோன்றுகிறது. காலாவதியாகாமல் இருந்திருந்தாலும் என் பதில் இதுதான்: நீங்கள் அன்று செய்த வேலை சரியான வேலை, பணம் வரவில்லை என்பதற்காக அது சரியில்லாத வேலையாக மாறாது. "எங்கள் சான்று செல்லாது" என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்ச் சான்றுதான், கப்பல் அதனால் தாமதமானால் நஷ்டஈடு கேட்டு உங்கள் மேலேயே வழக்கு வரும்.

ஆனால் ராஃப்டுகள் தவணை தாண்டிக் கிடக்கின்றன என்பது உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால், அதை எம்.எம்.டி.யில் உள்ளது உள்ளபடி தெரிவிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, இருபது சொச்சம் மாலுமிகள் அந்தக் கப்பலில் இருக்கிறார்கள் என்பதால் தெரிவிப்பதே சரி என்றும் நினைக்கிறேன். செய்யக் கூடாதது ஒன்றுதான்: "பணம் கொடுங்கள், இல்லாவிட்டால் எழுதிவிடுவேன்" என்று இரண்டையும் முடிச்சுப் போடுவது. அப்படி ஒரு வரி எங்காவது போய்விட்டால், நியாயமாகப் பணம் வர வேண்டிய உங்களை மிரட்டிப் பணம் பறிப்பவராகக் காட்ட எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். மேலே அந்த மின்னஞ்சலில் பாக்கியைப் பற்றி எழுத வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

இப்போது முக்கியமான கேள்வி. கப்பலை நிறுத்த முடியும், சில நிபந்தனைகளோடு.

2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு அட்மிரல்டி (கப்பல் தொடர்பான வழக்குகள்) சட்டத்தில், எந்தெந்தக் கோரிக்கைகளுக்காகக் கப்பல் மேலேயே வழக்குப் போடலாம் என்று 4-வது பிரிவில் பட்டியல் இருக்கிறது. கப்பலின் இயக்கத்துக்கும் பராமரிப்புக்கும் கொடுத்த பொருள், சாதனம், செய்த சேவை எல்லாம் அதில் உண்டு. உங்கள் பில் முழுவதும் அதற்குள் வரும். வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் இல்லை, உயர் நீதிமன்றத்தில். கப்பல் நம் கடல் எல்லைக்குள், அதாவது கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் இருக்கும்போது சிறைபிடிப்பு உத்தரவு, துறைமுகத்தில் எல்லோரும் சொல்லும் 'அரெஸ்ட்', கேட்கலாம். வணிக வழக்குகளில் முதலில் சமரசத்துக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் உண்டு, ஆனால் அவசர இடைக்கால உத்தரவு கேட்டு வரும் வழக்குக்கு அது பொருந்தாது. கிளம்பிப் போய்விடக்கூடிய கப்பலைவிட அவசரமானது வேறு எது?

சிக்கல் எங்கே என்றால், சப்ளையருக்கு இந்தியச் சட்டத்தில் கப்பல் மேல் 'மாரிடைம் லியன்' கிடையாது. மாலுமிகளின் சம்பளம், உயிரிழப்பு மற்றும் காயத்துக்கான இழப்பீடு, சால்வேஜ் (ஆபத்திலிருந்து கப்பலை மீட்டதற்கான ஊதியம்), துறைமுகக் கட்டணம் போன்ற சிலவற்றுக்குத்தான் அந்த உரிமை, அது கப்பல் கைமாறினாலும் கப்பலோடேயே ஒட்டிக்கொண்டு போகும். நம் பாக்கி அப்படி ஒட்டாது. 2017-ல் கிரிசோமர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே கடன் உண்டானபோது அதற்குப் பொறுப்பான முதலாளி யாரோ, அவரே அரெஸ்ட் நாளிலும் முதலாளியாக இருக்க வேண்டும். கப்பல் நடுவில் விற்கப்பட்டிருந்தால் இந்தக் கப்பலைத் தொட முடியாது, பழைய முதலாளிக்கு வேறு கப்பல் இருந்தால் அதைப் பிடிக்கலாம், ஆனால் ஒரு கப்பலுக்கு ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

பெயர் மாறியது என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் பயம். பெயர் மாறுவது பெரும்பாலும் கை மாறும்போதுதான். இன்றைக்கே உங்கள் சர்வீஸ் ரிப்போர்ட்டில் இருக்கும் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண்ணை எடுங்கள், பெயரும் கொடியும் எத்தனை முறை மாறினாலும் அந்த எண் மாறாது. ஈக்வாசிஸ் என்ற தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து அந்த எண்ணைப் போட்டால் பதிவு பெற்ற முதலாளி, மேனேஜர், பழைய பெயர்கள் எல்லாம் தேதியோடு வரும். பதிவு முதலாளி அன்றும் இன்றும் ஒருவரே என்றால் வழக்கு வலுவாக நிற்கிறது. மேனேஜர் மட்டும் மாறியிருந்தால் கவலையில்லை.

அடுத்து அந்த "சார்ட்டரர் கொடுக்க வேண்டியது" என்ற கதை. எண்ணெய் நிரப்பிய சப்ளையரிடம் இதைச் சொன்னால் அவர் திண்டாட வேண்டியதுதான், ஏனென்றால் டைம் சார்ட்டரில் (குறிப்பிட்ட காலத்துக்குக் கப்பலை வாடகைக்கு எடுப்பதில்) எரிபொருள் சார்ட்டரர் தலையில், அவர் போட்ட ஆர்டருக்கு முதலாளி பொறுப்பாக மாட்டார் என்பது நிலைத்துவிட்ட வாதம். ராஃப்டும் தீயணைப்பானும் அப்படி இல்லை. கப்பலைக் கடலுக்குத் தகுதியாக வைப்பதும், அதன் சான்றிதழ்களை உயிரோடு வைப்பதும் வழக்கமான டைம் சார்ட்டர் ஒப்பந்தங்களில் முதலாளியின் கடமை. உங்கள் ஆர்டர் யாரிடமிருந்து வந்தது என்று பாருங்கள். கப்பல் மேனேஜரின் லெட்டர்ஹெட்டில் வந்திருந்தாலோ, கேப்டனோ சீஃப் ஆபீசரோ முத்திரை குத்தி ரிப்போர்ட்டில் கையெழுத்திட்டிருந்தாலோ, ஏஜென்டின் கதை நிற்பது கடினம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: சில கேப்டன்கள் கையெழுத்தோடு "சார்ட்டரர் கணக்கில் பெறப்பட்டது, கப்பல் மேல் உரிமை இல்லை" என்ற மாதிரி ஒரு ரப்பர் ஸ்டாம்பும் அடிப்பார்கள். அது உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மறைக்காமல் எனக்குச் சொல்லுங்கள். ஆர்டரின் பின்பக்கப் பொடி எழுத்தில் லண்டன் ஆர்பிட்ரேஷன் என்று ஏதாவது இருந்தாலும் அப்படியே.

ஏஜென்டையே பிடிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். 'ஏஜென்ட் என்ற முறையில் மட்டும்' என்று கையெழுத்திட்டிருந்தால் பொதுவாக அவர் பொறுப்பில்லை. ஆனால் ஒப்பந்தச் சட்டம் 230-வது பிரிவில், வெளிநாட்டு வணிகருக்காகப் பொருள் வாங்கினாலோ, தன் பிரின்சிபல் யார் என்றே சொல்லாமல் விட்டாலோ ஏஜென்ட் சொந்தப் பொறுப்பில் ஒப்பந்தம் செய்ததாகவே முதலில் கருதப்படும், இல்லை என்று காட்டுவது அவர் பாடு. முதல் விதி பொருளுக்குத்தான், சேவைக்கு இல்லை. ஆகவே ஃப்ளேர், ரிலீஸ் ஆகியவற்றின் விலையையும் சர்வீஸ் கூலியையும் பில்லில் தனித்தனியாகக் காட்டியிருந்தால் நமக்கு உதவும்.

பட்டறையில் ராஃப்டைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று துறைமுகத்தில் யாராவது உங்களுக்கு யோசனை சொல்லுவார்கள். பாதி சரி. ஒப்பந்தச் சட்டம் 170-வது பிரிவின்படி, உங்களிடம் ஒப்படைத்த பொருளில் உழைப்பைச் செலுத்தியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அந்த வேலைக்கான கூலி வரும் வரை அதைத் திருப்பித் தராமல் இருக்கலாம். அந்த வேலைக்கு மட்டும். போன வருட பில்லுக்காக இந்த வருட ராஃப்டைப் பிடித்தால் அது சட்டவிரோதம், கப்பல் ஒரு நாள் நின்றால் அந்த நஷ்டம் உங்கள் பாக்கியையே தாண்டிவிடலாம்.

ஆனால் வேலையையே எடுக்காமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. "பழைய பில் தீராமல் புது ஆர்டர் எடுக்க மாட்டோம், தீர்ந்ததும் ராஃப்டை இறக்கி முறையாகச் செய்து தருகிறோம், புது வேலைக்கு முழுத்தொகை முன்பணம்" என்று சொல்லலாம், இதில் மிரட்டல் எதுவும் இல்லை. நீதிமன்றச் செலவு இல்லாமல் பணம் வர எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி கிடையாது, ராஃப்ட் தவணை முடிந்து நிற்கும் கப்பலுக்கு உங்கள் தேவை நிஜம். இதைக் கப்பல் வந்து பெர்த்தில் கட்டிய பிறகு சொல்லுங்கள். இப்போதே சொன்னால் அவர்கள் வேறு துறைமுகத்தில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ள பத்து நாள் அவகாசம் கொடுத்ததாகிவிடும். அதே காரணத்தால் வக்கீல் நோட்டீஸும் இப்போது வேண்டாம், அரெஸ்ட் என்ற சொல்லை அலுவலகத்துக்கு வெளியே யாரிடமும் பேச வேண்டாம்.

அரெஸ்ட் வரை போனால், கப்பல் பெரும்பாலும் பல நாள் நிற்காது. முதலாளி பணத்தை நீதிமன்றத்தில் கட்டுவார், அல்லது வங்கி உத்தரவாதம் தருவார், கப்பல் போய்விடும், வழக்கு அந்தத் தொகையின் மேல் நடக்கும். அதற்கு முன்பே பேசி முடிப்பவர்கள்தான் என் அனுபவத்தில் அதிகம். உங்கள் பக்கத்துச் சுமையையும் சொல்லிவிடுகிறேன்: கோர்ட் கட்டணம், வக்கீல் செலவு தவிர, அரெஸ்ட் தவறு என்று பின்னால் தெரிந்தால் நஷ்டத்துக்குப் பொறுப்பேற்கிறேன் என்று உறுதிமொழி கொடுக்க நீதிமன்றம் அட்மிரல்டி சட்டம் 11-வது பிரிவின் கீழ் சொல்லலாம். முதலாளி மாறியிருப்பது தெரிந்தும் போனால் அந்த உறுதிமொழி உங்களையே கடிக்கும்.

முதலாளி மாறிவிட்டார் என்றே தெரியவந்தாலும் பணம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பழைய முதலாளி மேல் தனியாக வழக்குப் போட பொருள் கொடுத்து வேலை முடித்த தேதியிலிருந்து மூன்று ஆண்டு காலக்கெடு இருக்கிறது. மேனேஜர் கம்பெனி மும்பையிலோ சென்னையிலோ இருந்து ஆர்டர் அவர்கள் பெயரிலேயே வந்திருந்து, சப்ளைக்கு முன்பே உங்களுக்கு உத்யம் பதிவும் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால், சிறு தொழில் சட்டப்படி 45 நாள் தாண்டிய தொகைக்கு வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டியோடு அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள கவுன்சிலில் கேட்கலாம்.

கப்பல் வருவதற்கு நாலைந்து நாள் முன்பே காகிதங்கள் என் கையில் இருக்க வேண்டும்: ஆர்டர் அல்லது ஆர்டர் வந்த மின்னஞ்சல், பில், கேப்டன் கையெழுத்துள்ள சர்வீஸ் ரிப்போர்ட், நான்கு சர்டிபிகேட்டின் நகல், 3 லட்சம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று காட்டும் வங்கிக் கணக்குப் பக்கம், ஏஜென்டோடு நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதும், ஈக்வாசிஸில் எடுத்த பக்கம். இவை தயாராக இருந்தால் கப்பல் நங்கூரம் போட்ட அன்றே மனுவைத் தாக்கல் செய்யலாம். இல்லாவிட்டால் அது நிலக்கரியை இறக்கிவிட்டுப் போன பிறகு நாம் இன்னும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருப்போம். அதன் வருகைத் தேதி தினமும் மாறும், காலையும் மாலையும் பார்த்துக்கொண்டே இருங்கள், முந்தினால் உடனே எனக்குப் போன் செய்யுங்கள்.